மார்பில் ஏறிய நட்சத்திரம்

1774 ஜனவரி 30 அன்று 'ரெசொல்யூஷன்' கப்பலுக்கு முன்னால் கடல் முடிந்துபோயிருந்தது. தெற்கு அட்சரேகை 71 டிகிரி 10 நிமிடம். அதுவரை அவ்வளவு தெற்கே எவரும் போய் வந்ததாகப் பதிவு இல்லை. கிழக்கிலிருந்து மேற்குவரை கண்ணுக்கெட்டிய தூரம் பனிப்பாளம். அதற்குள் மலைகளாக எழுந்து நின்றவற்றை எண்ணியபோது 97 தேறின. கேப்டன் ஜேம்ஸ் குக் கப்பலைத் திருப்ப உத்தரவிட்டார்.

திரும்புவதற்குச் சற்று முன், ஜார்ஜ் வான்கூவர் என்ற 16 வயதுப் பையன் கப்பலின் மூக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மரத்தின் நுனிவரை ஏறிப்போனான், தொப்பியைச் சுழற்றினான், 'இதற்கப்பால் எதுவுமில்லை' என்று லத்தீனில் கத்தினான். உலகிலேயே அதிகத் தெற்கே போனவன் நான்தான் என்று பிறகு சொல்லிக்கொள்ளத்தான். அதே கப்பலில் இருந்த ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் ஆண்டர்ஸ் ஸ்பார்மன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவருடைய அறை கப்பலின் பின்பக்கம். கப்பல் திரும்பும்போது பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளிப்போகும். ஆகவே அந்தப் பெருமை தனக்கே உரியது என்பது அவர் வாதம்.

இந்தப் போட்டியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பிரியம் கூடுகிறது. அந்த இடத்தில் கால் வைக்க மண் இல்லை. கொடி நட முடியாது, பாறையில் பெயர் செதுக்க முடியாது. அடுத்த காற்றில் பனி நகர்ந்துவிடும்; போனதற்கும் வந்ததற்கும் தடயம் இருக்காது. அந்தக் கப்பலின் பையன்கள் சிலர் மூன்று மாதம் கழித்துத் தங்கள் உடம்பில் தாங்களே வடிவமைத்த ஒரு நட்சத்திரத்தைப் பச்சை குத்திக்கொண்டார்கள். கடலோடிகளின் பச்சைக்கு ஒரு குலமுதல்வனைத் தேடினால் நான் இந்த நட்சத்திரத்தைத்தான் காட்டுவேன்.

பயணம் தொடங்கியது 1772 ஜூலை 13 அன்று, இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில். 'ரெசொல்யூஷன்', 'அட்வென்ச்சர்' என்று இரண்டு கப்பல்கள். இரண்டுமே நிலக்கரி ஏற்றுவதற்காக விட்பி ஊரில் கட்டப்பட்டவை. அகன்ற வயிறும் உறுதியான அடிப்பலகையும் கொண்டவை. பூமியின் தெற்கே ஒரு பெரிய, வளமான கண்டம் இருப்பதாக ஐரோப்பிய அறிஞர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு வருவதுதான் குக்குக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 1773 ஜனவரி 17 அன்று கப்பல்கள் அண்டார்டிக் வட்டத்தைக் கடந்தன. மனிதர் அந்தக் கோட்டைத் தாண்டியதற்கு நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு அது.

உறைந்துபோன கயிறுகளை இழுத்து உறைந்துபோன பாய்களைச் சுருட்ட வேண்டும். பனி படிந்த பாய் தகரம்போல் விறைத்துவிடும். மாலுமிகளின் சட்டைக் கை குட்டையாக இருக்கிறது என்று குக் கெட்டிக் கம்பளித் துணி வைத்துத் தைத்து அவற்றை நீளமாக்கச் செய்தார். குடிநீர் தீர்ந்தபோது படகுகளை இறக்கி, மிதக்கும் பனிக்கட்டிகளைப் பொறுக்கி மேல்தட்டில் குவித்து உருக்கினார்கள். உப்புக் கடலிலிருந்து நல்ல தண்ணீர் கிடைத்தது. உணவில் புளிக்க வைத்த முட்டைகோஸும் உண்டு. ஈறு அழுகிச் சாகவைக்கும் ஸ்கர்வி நோயை விரட்ட குக் கையாண்ட வழிகளில் ஒன்று அது. 1773 அக்டோபரில் நியூசிலாந்துக் கரையோரம் புயலில் 'அட்வென்ச்சர்' பிரிந்துபோனது. அதன்பின் 'ரெசொல்யூஷன்' தனியே பனிக்குள் இறங்கியது.

அங்கிருந்து வடக்கே திரும்பிய பிறகு குக்கே கடும் வயிற்றுவலியில் படுத்துவிட்டார். தேறிவந்தபோது கொடுக்கப் புது இறைச்சி கிடையாது. இயற்கையியலாளர் ஃபார்ஸ்டரின் நாய்தான் அவருக்குச் சூப்பானது. மார்ச்சில் ஈஸ்டர் தீவு, ஏப்ரலில் மார்க்கெசஸ் தீவுகள். ஏப்ரல் 22 அன்று தஹீத்தித் தீவின் மடவாய் வளைகுடாவில் நங்கூரம் பாய்ந்தது.

ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1769இல், குக்கின் முதல் பயணத்தில் ஆங்கிலேயர்கள் இதே வளைகுடாவில் முகாமிட்டிருந்தார்கள். சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். ஓவியர் சிட்னி பார்க்கின்சனும் ஸ்டெயின்ஸ்பி என்ற மாலுமியும் வேறு சிலரும் அப்போதே கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் ஒரு சிறுமிக்கு இடுப்புக்குக் கீழே பச்சை குத்தப்படுவதை அருகிலிருந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கருவிக்கு முப்பது பல். நிமிடத்துக்கு நூறு தட்டாவது விழுந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் இரத்தம் கலந்த நீர் கசிந்தது. கால்மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண் பிறகு தாங்கமாட்டாமல் அழ, இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு ஒரு சமயம் திட்டினார்கள், ஒரு சமயம் தாஜா செய்தார்கள். பேங்க்ஸ் ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பும்போதும் வேலை முடியவில்லை.

மை எளிமையானது. தீவில் விளக்காக எரிக்கும் எண்ணெய்க் கொட்டையின் புகைக்கரியைத் தண்ணீரில் குழைத்துக்கொள்வார்கள். எலும்பிலோ சிப்பியிலோ சீப்புப்போல் பல் வெட்டிய தகட்டை ஒரு கைப்பிடியில் கட்டி, மையில் தோய்த்துத் தோலில் வைத்து, மேலே சிறு கோலால் தட்டுவார்கள். இந்த வேலைக்கு வருடக்கணக்கான பயிற்சி வேண்டும். கொஞ்சம் ஆழம் குறைந்தால் மை நிற்காது, கூடினால் புண் சீழ் வைக்கும். அந்த மக்களிடம் பச்சை வெறும் அலங்காரம் இல்லை. வளர்ந்தவர் என்பதற்கு அது அடையாளம். அரியோய் என்ற ஆட்டக்காரர்-பூசாரிச் சபையில் படிநிலைகளுக்கு ஏற்பக் குறிகள் மாறின. ஆனாலும் தனி விருப்பத்துக்கு அங்கே இடம் இருந்தது. பறவை, நாய், மனித உருவம் என்று அவரவர் மனம்போல் குத்திக்கொண்டவர்களையும் பேங்க்ஸ் பார்த்திருக்கிறார். ஒரு அந்நியன் வந்து 'எனக்கு இந்த வடிவம் வேண்டும்' என்று மணலில் வரைந்து காட்டினால் புரிந்துகொள்ளக்கூடிய ஊர் அது.

'ரெசொல்யூஷன்' கப்பலில் ஜான் எலியட் என்றொரு பையன் இருந்தான். அதிகாரியாவதற்குப் பயிற்சி பெறும் மிட்ஷிப்மேன்களில் ஒருவன். கப்பல் ஏறும்போது மீசைகூட அரும்பாத வயது. முதுமையில், மனைவி கேட்டுக்கொண்டதற்காகத் தன் பிள்ளைகள் படிப்பதற்கென்று மட்டும் நினைவுக்குறிப்பு ஒன்று எழுதினார். நட்சத்திரத்தின் கதை நமக்கு அதிலிருந்துதான் தெரிகிறது.

கப்பலில் ஒரே மேசையில் சாப்பிடும் குழுவுக்கு மெஸ் என்று பெயர். குடும்பம் மாதிரி அது. சண்டையும் அங்கேதான், சமாதானமும் அங்கேதான். எலியட்டின் மெஸ்ஸில் இருந்த பையன்கள் கூடிப் பேசினார்கள். நம்மை ஒன்றாகக் கட்டிவைக்கும் குறி ஒன்று வேண்டும், இந்தத் தீவுக்கு வந்துபோனதற்கும் அது அடையாளமாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். இடது மார்பில் ஒரு நட்சத்திரம் என்று தீர்மானமானது. தங்களுக்கு அவர்களே ஒரு பட்டமும் சூட்டிக்கொண்டார்கள்: தஹீத்தி வீரர்கள். அரசர் கையால் பட்டம் பெற்ற பிரபுக்களைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் தேர்ந்த வடிவமும் இடமும் காரணமின்றி அமைந்தவை அல்ல. இங்கிலாந்தில் மிக உயர்ந்த அரச விருதுகளைப் பெற்றவர்கள் சரிகையில் செய்த நட்சத்திரத்தை மேலங்கியின் இடது மார்பில் அணிவார்கள். பிரபு வீட்டில் பிறக்க வேண்டும், அல்லது பெரிய போரில் வெல்ல வேண்டும். உப்புக்கறியும் புழு வைத்த பிஸ்கட்டும் தின்று பனிக்குள் போய் வந்த பையன்களுக்கு அதை யார் கொடுப்பார்கள்? சட்டையில் தைக்க முடியாததைத் தோலில் தைத்துக்கொண்டார்கள். விளையாட்டாகத் தொடங்கியிருக்கலாம். ஆனால் விளையாட்டுக்காக எவனும் மார்பெலும்பின்மேல் அத்தனை தட்டு வாங்கமாட்டான். எலியட் தீவின் பெயரைத்தான் காரணமாகச் சொல்கிறார். என் எண்ணத்தில் அந்த நட்சத்திரத்தின் கனம் பனிக்கடலிலிருந்து வந்தது. ஒரே கயிற்றை உறைந்த விரல்களால் சேர்ந்து இழுத்தவர்களுக்குத்தான் 'நாம்' என்று ஒரு குறி தேவைப்படும்.

முதலில் அந்த மெஸ்ஸுக்கு மட்டும் உரியதாக, ரகசியமாக இருக்க வேண்டும் என்று நினைத்த குறி அது. ரகசியம் நிலைக்கவில்லை, மற்றவர்களும் குத்திக்கொண்டார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வடிவம் பையன்களுடையது, கை தஹீத்தியருடையது. தான் அதுவரை குத்தியறியாத ஐரோப்பிய வடிவத்தைத் தன் எலும்புச் சீப்பால், தன் ஊர்க் கரியால், பிசகாமல் இறக்கிய அந்தக் கலைஞரின் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அந்த நட்சத்திரத்துக்கு அவர் சரிபாதி உரிமைக்காரர்.

ஐரோப்பிய மாலுமிகளுக்குப் பச்சை குத்தக் கற்றுக்கொடுத்தவரே குக்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. அவருக்கு வெகுகாலம் முன்பே கப்பல்காரர்கள் ஊசியாலும் வெடிமருந்தாலும் பெயரின் முதலெழுத்தையும் சிலுவையையும் குத்திக்கொண்டிருந்தார்கள். ஜெருசலேம் போன கிறிஸ்தவ யாத்திரிகர்களும் குத்திக்கொண்டு திரும்பினார்கள். தஹீத்திக்குப் பிறகு வந்த மாற்றம் வேறு. இன்ன கடல், இன்ன கூட்டாளிகள், இன்ன பயணம் என்று சொல்ல ஒரு வடிவத்தை யோசித்து உருவாக்கி உடம்பில் ஏற்றும் பழக்கம் பசிபிக் போய் வந்த கப்பல்களில் வேர்பிடித்தது.

குக்கின் மூன்றாம் பயணம் 1776இல் கிளம்பியது. அதே 'ரெசொல்யூஷன்', இம்முறை வடதுருவப் பக்கம். 1778 ஆகஸ்டில் பேரிங் நீரிணையைத் தாண்டி 70 டிகிரி 44 நிமிட வடக்கில் மறுபடியும் பனிச்சுவர் வழிமறித்தது. முந்தைய பயணத்தின் பழைய ஆட்கள் பலர் இதிலும் இருந்தார்கள். வில்லியம் பெக்கோவர் என்ற பீரங்கிக்காரர் குக்கின் மூன்று பயணங்களிலும் போனவர். கப்பலை வழிநடத்தும் மாஸ்டர் பதவியில் வில்லியம் பிளை என்ற இளைஞர் இருந்தார். பத்தாண்டு கழித்து, தஹீத்தியிலிருந்து ஈரப்பலா நாற்றுகளை எடுத்துவர 'பவுன்டி' என்ற கப்பலுக்குத் தலைவராகப் போனவர் இதே பிளை. பெக்கோவரும் அதில் இருந்தார்.

'பவுன்டி' 1788 அக்டோபர் கடைசியில் மடவாய்க்கு வந்தது, தஹீத்தியில் ஐந்து மாதத்துக்கு மேல் தங்கியது. நாற்றுகள் வேர்பிடிக்கும்வரை ஆட்கள் பச்சை குத்திக்கொண்டார்கள். தீவைவிட்டுக் கிளம்பிய பிறகு, 1789 ஏப்ரல் 28 அன்று கப்பலில் கலகம் வெடித்தது. பிளையையும் அவர் பக்கம் நின்றவர்களில் பலரையும் ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டார்கள். அவர் அந்தப் படகைத் திமோர்வரை ஓட்டிக் கரைசேர்த்தார். கலகக்காரர்களைப் பிடிக்க வசதியாக ஒவ்வொருவரின் அங்க அடையாளங்களையும் பட்டியலாக எழுதினார்.

அந்தப் பட்டியலில் நட்சத்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. கலகத் தலைவன் ஃபிளெட்சர் கிறிஸ்டியன்: இடது மார்பில் நட்சத்திரம். ஜார்ஜ் ஸ்டூவர்ட்: மார்பில் நட்சத்திரம். மற்றவர்கள் தங்கள் சொந்தக் கற்பனையையும் ஓட்டியிருக்கிறார்கள். தாமஸ் எலிசன் தன் பெயரையும் '1788 அக்டோபர் 25' என்ற தேதியையும் வலது கையில் குத்தியிருந்தான். கப்பல் தீவை நெருங்கிய சமயம் அது. மேன் தீவில் பிறந்த பீட்டர் ஹேவுட்டுக்கு அப்போது 16 வயது. தன் ஊர் நாணயத்தில் இருக்கும் மூன்று கால் சின்னத்தை வலது காலில் ஏற்றியிருந்தான். தீவு மக்கள் பச்சை குத்தியவனை மதிப்பார்கள், அவர்கள் ஆசைக்காகத்தான் குத்திக்கொண்டேன் என்று பின்னாளில் தாய்க்கு எழுதினான். மற்ற பச்சைகளுக்கு அது பொருந்தலாம். மேன் தீவுச் சின்னத்தைக் கேட்கத் தஹீத்தியில் யாருக்குத் தெரியும்? அந்த வடிவம் அவன் மனதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இவர்களில் ஜேம்ஸ் மோரிசன்தான் வீரர் பட்டத்தை முழுதாக்கியவன். இடது மார்புக்குக் கீழே நட்சத்திரம். இடது காலைச் சுற்றி ஒரு பட்டை. பட்டையில் இங்கிலாந்தின் உச்ச விருதான 'கார்ட்டர்' விருதின் பிரெஞ்சு வாசகம். அந்த விருதைப் பெற்ற பிரபுக்கள் நட்சத்திரத்தை மார்பிலும் பட்டையைக் காலிலும் எந்தப் பக்கம் அணிவார்களோ அதே பக்கம். எலியட்டின் மெஸ்ஸில் பிறந்த எண்ணம் 14 ஆண்டுக்குப் பிறகு இன்னொரு கப்பலின் ஆள்மேல் இப்படி வளர்ந்து நிற்கிறது.

தோழமைக்காகக் குத்திய குறி இப்போது ஆளைக் காட்டிக்கொடுக்கும் குறியானது. 1791இல் 'பண்டோரா' போர்க்கப்பல் தஹீத்திக்கு வந்து, அங்கே திரும்பியிருந்த 14 பேரைப் பிடித்தது. திரும்பும் வழியில் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மோதி அது மூழ்கியபோது கைதிகள் நால்வர் இறந்தார்கள். ஸ்டூவர்ட் அவர்களில் ஒருவன். பிழைத்தவர்கள் 1792 செப்டம்பரில் போர்ட்ஸ்மவுத்தில் கடற்படை நீதிமன்றத்தின்முன் நின்றார்கள். அக்டோபர் 29 அன்று மூவரைத் தூக்கிலிட்டார்கள். பெயரையும் தேதியையும் கையில் எழுதிக்கொண்ட எலிசன் அவர்களில் ஒருவன். ஹேவுட்டுக்கும் மோரிசனுக்கும் மரண தண்டனை விதித்து, அரசர் பெயரால் மன்னிப்பு வழங்கினார்கள்.

மோரிசன் தஹீத்தி மக்களின் வாழ்வை விரிவாக எழுதிவைத்தார். அந்தத் தீவின் பழைய வாழ்க்கையை ஆராய்பவர்கள் இன்றும் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. பிறகு கடற்படைக்கே திரும்பிப் பீரங்கிப் பிரிவுத் தலைவராக உயர்ந்தார். கடைசியாக அவர் பணியாற்றியது அட்மிரல் ட்ரூபிரிட்ஜின் கொடிக்கப்பலான 'பிளென்ஹைம்'. மலாக்கா நீரிணையில் தரைதட்டி அடிப்பகுதி சேதமான பழைய கப்பல் அது. பயணத்துக்குத் தகுதியில்லை என்று எச்சரித்தும் கேளாமல் 1807 ஜனவரியில் சென்னையிலிருந்து நன்னம்பிக்கை முனை நோக்கி அதைக் கிளப்பினார்கள். பிப்ரவரியில் மடகாஸ்கருக்குக் கிழக்கே புயலில் அது காணாமல் போனது, ஒருவரும் பிழைக்கவில்லை.