744: தீவுகளின் விலாசம்

தபால் உறையின் அடியில் நாம் எழுதும் ஆறு இலக்கங்களை மனப்பாடமாகச் சொல்வோமே தவிர, அவற்றின் அர்த்தத்தை யோசிப்பதில்லை. உத்தியோக நிமித்தம் சில வருஷங்கள் அந்தமானில் இருந்ததால் 744 என்ற எண்ணின் மேல் எனக்குத் தனி அபிமானம் உண்டு. அதைப் பற்றி நம் சங்க அன்பர்களுடன் சில விவரங்களைப் பகிர்ந்துகொள்கிறேன்.

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று அமலுக்கு வந்தது. இதை வகுத்தவர் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. பல மொழிகளும் லிபிகளும், ஒரே பெயரில் பல ஊர்களும் உள்ள தேசத்தில் தபால் பிரிப்பவர் தடுமாறக் கூடாது என்பதே நோக்கம்.

பெருநகரங்களில் அதற்கு முன்பே வட்டார எண்கள் இருந்தன. மதராஸ்-4 என்றால் மயிலாப்பூர், 5 திருவல்லிக்கேணி, 17 தியாகராய நகர். இவையே பிறகு 600004, 600005, 600017 ஆயின.

முதல் இலக்கம் மண்டலம். இரண்டாவது அதன் உட்பிரிவு. மூன்றும் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸ். 1 முதல் 8 வரை எட்டு மண்டலங்கள். 9 ராணுவத் தபாலுக்கு.

அந்தமானுக்கு அமைந்தது 7, அதாவது மேற்கு வங்கமும் ஒடிசாவும் வடகிழக்கு மாநிலங்களும் அடங்கிய மண்டலம். கடல்வழியில் போர்ட் பிளேருக்குச் சென்னையிலிருந்து சுமார் 1,190 கி.மீ., கல்கத்தாவிலிருந்து சுமார் 1,255 கி.மீ. சென்னைதான் சற்று அருகில். தீவுகளில் தமிழர்களும் கணிசம். ஆயினும் தபால் நிர்வாகம் மேற்கு வங்க வட்டத்தில், ஹைகோர்ட்டும் கல்கத்தாதான். 1858-ல் அங்கே கைதிகள் குடியேற்றம் தொடங்கியபோது இந்தியாவின் தலைநகர் கல்கத்தா. அந்தப் பழைய தொடர்பின் சாயல் எண்ணிலும் தெரிகிறது. 743 வங்காளத்தின் 24 பர்கானா பகுதி. அடுத்த எண் கடல் தாண்டிவிடுகிறது! இதேபோல் லட்சத்தீவின் கவரத்தி, கொச்சியின் 682-ல் சேர்ந்து 682555 ஆயிற்று.

போர்ட் பிளேர் தலைமை அஞ்சலகம் 744101, ஹாடோ 744102. வடக்கே டிக்லிபூர் 744202, மாயாபந்தர் 744204, ரங்கத் 744205. லிட்டில் அந்தமானின் ஹட் பே 744207. நிக்கோபார் தீவுகளில் கார் நிக்கோபார் 744301, தென்கோடியில் கிரேட் நிக்கோபாரின் காம்பெல் பே 744302, நான்கௌரி 744303.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கார் நிக்கோபாரில் கடலோரக் கிராமங்கள் உள்ளே தள்ளிக் குடியமர்த்தப்பட்டன. வீடு போயிற்று, தெரு போயிற்று. 744301 மட்டும் நின்றது. எண் மண்ணைக் குறிப்பதல்ல, கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் தபால் ஆபீஸைக் குறிப்பது என்பதே காரணம். பெயர்கள் மாறியபோதும் அப்படியே. ஹேவ்லாக் 2018-ல் ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று. போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. எண்கள் மாறவில்லை.

2025-ல் தபால் துறை, ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒரு குறியீடு தரும் 'டிஜிபின்' முறையை அறிமுகப்படுத்தியது. ஆனாலும் பின்கோடு தொடர்கிறது. வீடு மாற்றும் அன்பர்கள் புதிய விலாசத்தைச் சங்கத்துக்குத் தெரிவிக்கும்போது ஆறு இலக்கங்களையும் தவறாமல் எழுதுங்கள். வெளியூர் கொரியர் எட்டாத தீவுக்கும் தபால்காரர் போகிறார்; அவருக்கு வழிகாட்டி அந்த எண்தான்.