புயலும் ரேஷன் கார்டும்: ஒரு பெரம்பூர்க் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை வந்தால் வட சென்னைக்குப் புயல் ஒன்றும் புதிதில்லை. "வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று செய்தியில் ஆரம்பிப்பார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லீவு விடுவார்களா என்று டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். காற்றின் வேகம், மழையின் அளவு எல்லாம் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு அந்தக் குடும்பம் யார் வீட்டுக்குப் போயிற்று, யார் சோறு போட்டார்கள், போன பொருளைத் திரும்ப வாங்க யார் பணம் கொடுத்தார்கள் என்பது பேப்பரில் வராது. அந்தக் கதைதான் இது.

பெரம்பூரின் குடும்பங்களைப் புரிந்துகொள்ள ரயிலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். 1856-ல் இங்கே ரயில்வே பட்டறை வந்தது. பக்கத்திலேயே பின்னி மில்கள். 1955-ல் ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலை. ஒருவருக்கு வேலை கிடைத்தால் ஊரிலிருந்து தம்பி வருவார், பிறகு மச்சான் வருவார். வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் குடித்தனம். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அயனாவரம், கொளத்தூர் பக்கம் ஒரு மனை. அக்காவைக் கொடுத்தது வியாசர்பாடியில். ஆக, ஒரே வீட்டில் இல்லாவிட்டாலும் ஒரே பஸ் ரூட்டில் மொத்தக் கூட்டமும் இருக்கும்!

இது ஒருவகையில் இன்ஷூரன்ஸ் மாதிரி. பிரீமியம் கிடையாதா என்றால், உண்டு. கல்யாணத்தில் மொய், வளைகாப்புக்கு வளையல், சாவு வீட்டில் மூன்று நாள் வேலை. கஷ்டம் வரும்போது கிளெய்ம். ஆனால் காமர்ஸ் படிக்கிற எவருக்கும் உடனே ஒரு ஓட்டை தெரியும். இன்ஷூரன்ஸ் நடக்க வேண்டுமானால் எல்லோருக்கும் ஒரே நாளில் நஷ்டம் வரக்கூடாது. மழையோ ஓட்டேரி நல்லாவின் இரண்டு கரையிலும் ஒரே ராத்திரியில் ஏறுகிறது. அண்ணன் வீட்டிலும் முழங்கால் தண்ணீர், தம்பி வீட்டிலும் முழங்கால் தண்ணீர். யார் யாருக்கு உதவுவது? அதனால்தான் இந்தப் பக்கம் புயல் சமயத்தில் பணக்காரச் சொந்தத்தைவிட மாடி வீட்டுச் சொந்தத்துக்கு மரியாதை அதிகம். மூன்று வருஷமாகப் பேசாத சித்தப்பாவாக இருந்தாலும் சரி, அவர் முதல் மாடியில் இருந்தால் பாயும் குக்கரும் அங்கேதான் ஏறும்.

2016 டிசம்பர் 12-ல் வந்த வர்தா வேறு மாதிரிச் சோதனை. அது தண்ணீரைவிடக் காற்றால் அடித்தது. பிற்பகலில் கரையைக் கடந்தபோது நடுவில் காற்று சட்டென்று ஓய்ந்தது. புயல் முடிந்தது என்று சிலர் வெளியே வந்தார்கள். அது புயலின் கண்! கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது. நகரம் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன, பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. ஒரு மாதம் முன்புதான், நவம்பர் 8-ல், 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு 2,500 ரூபாய்தான். கார்டு போடலாம் என்றால் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. கையில் இருக்கும் 2,000 ரூபாய் நோட்டுக்குப் பால் கடையில் சில்லறை கிடையாது. வங்கியில் பணம் இருந்தும் கையில் பணம் இல்லாத அந்த வாரத்தில், பழைய முறைகள்தான் கை கொடுத்தன. மளிகைக் கடை அண்ணாச்சியின் கணக்கு நோட்டு, சொந்தத்துக்குள் கைமாற்று, அஞ்சறைப் பெட்டியில் பாட்டி வைத்திருந்த நூறு ரூபாய்கள். கணவருக்குத் தெரியாமல் சேர்த்த பழைய நோட்டுகளைச் செல்லாத நோட்டு அறிவிப்பில் வெளியே எடுக்க வேண்டி வந்த பெண்களுக்கு, புயலுக்குக் கொடுக்க அந்தப் பணமும் மிச்சமில்லை என்பது தனிச் சோகம்.

அடுத்து அரசாங்கத்தின் கணக்கு. மழை வீட்டைப் பார்த்து நுழைகிறது, நிவாரணம் ரேஷன் கார்டைப் பார்த்து வருகிறது. அம்மா, அப்பா, இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே உலையில் சோறு பொங்கினால் ஒரு கார்டு, ஒரு தொகை. அதே வீட்டில் அடுப்பைப் பிரித்தால் மூன்று கார்டு, மூன்று தொகை. சேர்ந்து இருப்பதற்கு அபராதம் மாதிரி இல்லையா இது? அடுப்பு பிரிவதற்கு மாமியார் மருமகள் சண்டை மட்டும்தான் காரணம் என்று சினிமாவில் காட்டுவார்கள். கார்டும் ஒரு காரணம்.

அந்தத் தொகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2005 சாட்சி. அந்த வருஷ மழைக்குப் பிறகு நவம்பர் 6-ம் தேதி, பெரம்பூருக்குப் பக்கத்து வியாசர்பாடியில் நிவாரணம் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் இறந்தார்கள். அது பாடமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. டிசம்பர் 18-ம் தேதி எம்.ஜி.ஆர். நகரில், விடிவதற்கு முன்பே கூடிய கூட்டத்தில் 42 பேர் இறந்தார்கள். வெள்ளத்துக்குத் தப்பித்தவர்கள் வரிசையில் செத்தார்கள். குடும்பத்தில் யார் போய் வரிசையில் நிற்பது? வேலைக்குப் போகிறவர் லீவு போட்டால் சம்பளம் போகும். அதனால் இந்த மாதிரி வரிசைகளுக்கு வீட்டிலிருக்கும் பெண்களையும் வயதானவர்களையும் அனுப்புவதுதான் வழக்கம். நெரிசலில் தாக்குப்பிடிக்க முடியாதவர்களும் அவர்கள்தான்.

2015 வெள்ளத்தில் நிவாரணத்தை வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கார்டுக்கு 6,000 ரூபாய். முதலில் டோக்கன், டோக்கனில் தேதி, அந்தத் தேதியில் ரேஷன் கடையில் ரொக்கம். 18 வருஷத்தில் இது நிஜமான முன்னேற்றம்.

மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் 3, 4 தேதிகளில் சென்னையில் சில இடங்களில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டுத்தான் போனது. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவிலுள்ள பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்கள் ரத்து. ரயிலால் பிழைத்த ஊரில் ரயிலே வரவில்லை. எண்ணூர்ப் பக்கம் இன்னும் மோசம். வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கறுத்துப் போயின. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகுக்கு 10,000 ரூபாயும் என்று அரசு தனியாக அறிவித்தது. அண்ணன் தம்பி பங்கு போட்டு வைத்திருக்கும் படகுக்கு வரும் பணம் யாருடையது என்பதை அவர்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

6,000 ரூபாயில் என்ன வரும்? தண்ணீரில் மூழ்கிய மோட்டாருக்கு காயில் கட்டலாம், பைக்கின் இன்ஜின் ஆயிலை மாற்றலாம், ஊறிப்போன ஒரு மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். ஃபிரிட்ஜுக்குப் போதாது. ஃபிரிட்ஜுக்கு மாமா கொடுப்பார், அல்லது ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பார்கள், அதுவும் இல்லையென்றால் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். அடகு ரசீதை மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பரண் மேல் வைப்பார்கள். அடுத்த கார்த்திகைக்குள் கம்மலை மீட்டுவிட்டால் அந்த வீட்டில் புயல் முடிந்தது என்று அர்த்தம்.