சாயம் கூறும் வரலாறு

புதியன காண்பதில் ஒரு நாடு முன்னேற, அதன் அயல்நாடு பின்தங்குவதற்குக் காரணம் யாது? இனத்தின் பிறவி அறிவே காரணம் என்பார் சிலர். மேதைகளின் தோற்றமே காரணம் என்பார் வேறு சிலர். ஐரோப்பியச் சாயக் கைத்தொழிலின் வரலாறு இவ்விரு கூற்றுக்களையும் மறுக்கின்றது.

1856 ஆம் ஆண்டு இலண்டனில், 18 வயது மாணவரான வில்லியம் ஹென்றி பேர்க்கின், நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருளைக் கொண்டு கொயினா மருந்தை ஆக்க முயன்றார். கிடைத்ததோ ஊதாச் சாயம். செயற்கைச் சாயத் தொழில் இவ்வாறு பிறந்தது. இங்கிலாந்திடம் நிலக்கரி இருந்தது, மூலதனம் இருந்தது, சாயத்தை வாங்குதற்கு உலகின் மிகப் பெரிய துணி ஆலைகளும் இருந்தன. ஆயினும் 1914 இல் போர் மூண்டபோது, உலகச் சாய உற்பத்தியின் மிகப் பெரும்பகுதி ஜேர்மனியின் கையில் இருந்தது. பிரித்தானியப் படையினரின் சீருடைக்கே சாயம் தட்டுப்பட்டது.

விடையை நாம் முதலில் கல்விக்கூடத்திலே தேடவேண்டும். கீசன் நகரில் 1824 முதல் ஆசிரியராயிருந்த லீபிக், மாணவர் தம் கையால் ஆய்வு செய்து கற்கும் முறையை வளர்த்தார். பேர்க்கினின் ஆசிரியரான ஹொவ்மன் அவருடைய மாணவரே. ஹொவ்மன் 1865 இல் தாயகம் திரும்பினார். சர்வகலாசாலைகளிற் பயின்ற இரசாயனவியலாளரை ஜேர்மன் ஆலைகள் கூட்டங் கூட்டமாகச் சேர்த்துக்கொண்டன. ஒருவரின் தற்செயலான கண்டுபிடிப்பு அங்கே பலரின் அன்றாடத் தொழிலாயிற்று. பையர் 1880 இல் ஆய்வுகூடத்தில் ஆக்கிய நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொணர பி.ஏ.எஸ்.எவ். நிறுவனத்துக்கு 1897 வரை சென்றது. அத்தகைய பொறுமை உடனடி இலாபத்தை மட்டும் நோக்கும் முதலுக்கு வாய்ப்பதில்லை.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. பிரான்ஸில் ஆக்கவுரிமை சாயப் பொருளுக்கே வழங்கப்பட்டது. எனவே அதே சாயத்தைச் சிறந்த முறையில் ஆக்கியவரும் தடுக்கப்பட்டனர். பலர் ஆக்கவுரிமைச் சட்டமே இல்லாதிருந்த சுவிற்சர்லாந்துக்குச் சென்றனர். பாசல் நகரம் வளர்ந்தது. ஜேர்மனியின் 1877 ஆம் ஆண்டுச் சட்டமோ செய்முறைக்கு மட்டுமே காப்பளித்தது. புதிய செய்முறைகளைத் தேடும் போட்டி அங்கே ஓயவில்லை.

இவ்வெற்றிக்கு விலை கொடுத்தவர் யாவர்? இயற்கை நீலம் அவுரிச் செடியிலிருந்து வந்தது. பீகாரின் சம்பாரணில் உழவர் தம் நிலத்தின் 20 இல் 3 பங்கில் அவுரி பயிரிடுமாறு கட்டாயப்படுத்தப்பட்டிருந்தனர். செயற்கை நீலத்தால் விலை வீழ்ந்ததும், வெள்ளைத் தோட்டக்காரர் அக்கட்டாயத்திலிருந்து உழவரை விடுவிப்பதாகக் கூறிக் குத்தகையை உயர்த்தினர்; பணமும் பறித்தனர். நட்டம் ஏழையின் தலையில் ஏற்றப்பட்டது. 1917 இல் காந்தியடிகள் அங்கு சென்று நடத்திய போராட்டத்தின் பின்னரே, 1918 ஆம் ஆண்டுச் சட்டம் அக்கொடுமையை ஒழித்தது.

ஜேர்மனியிலும் அறிவின் பயன் மக்களுடையதாகவில்லை. பெரும் சாய நிறுவனங்கள் 1925 இல் ஐ.ஜி. பார்பன் என ஒன்றிணைந்தன. அந்நிறுவனமே பின்னர் அவுஷ்விற்ஸில் கைதிகளின் உழைப்பை உறிஞ்சி ஆலை கட்டியது.

பரந்த கல்வியும், ஆய்வுகூடத்துக்கும் ஆலைக்குமிடையே அறாத தொடர்பும் உள்ள சமுதாயமே புதியன படைக்கும். ஆயினும் அப்படைப்பு யார் கையில் இருக்கின்றது என்ற வினாவைக் கல்வி தானாகத் தீர்த்துவிடாது. அவ்வினாவை எழுப்ப மாணவர்க்குக் கற்பிப்பதும் ஆசிரியர் கடனேயாகும்.