சாத்தூர்க்காரியும் 588ஆம் படைப்பிரிவும்

எங்கள் அப்பத்தா இறந்தபோது பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டினார்கள். அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு, “யாருப்பா இது, நம்ம ஊரா?” என்று கேட்டார் ஒரு பெரியவர். “சாத்தூர்க்காரி” என்று சொன்ன பிறகுதான் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சாத்தூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். அறுபது வருடம் இந்த மண்ணில்தான் களை வெட்டினாள், பருத்தி எடுத்தாள், ஐந்து பிள்ளை பெற்றாள். ஆனாலும் ஊர் அவளை அவள் விட்டுவந்த ஊரின் பெயரால்தான் அழைத்தது. அதை வைத்தபோது அவளை யாரும் கேட்கவில்லை.

கல்லூரியில் வரலாறு நடத்த வந்தபின், ராணுவப் படைப்பிரிவுகளின் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவரொட்டி நினைவுக்கு வரும். 63ஆம் படைப்பிரிவு, 83ஆம் படைப்பிரிவு என்று வறட்சியாகத் தோன்றும் அந்த எண்களுக்குப் பின்னாலும் ஒரே கேள்விதான் இருக்கிறது. யார் யாருக்குப் பெயர் வைக்கிறார்கள்?

நமக்குத் தெரிந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனிப் படைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் காலாட்படைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்தது. சிறிய எண் என்றால் மூத்த படை. அணிவகுப்பில் முன்னால் நிற்கும் உரிமை அதற்கு. ஆக, எண் என்பது வெறும் கணக்கு இல்லை, வரிசையில் ஒருவருடைய இடம். மூன்று படைகளையும் ஒரே வரிசையில் கொண்டுவர 1903இல் தளபதி கிச்சனர் எண்களை மாற்றியமைத்தார். சென்னைக் காலாட்படைகளின் எண்ணோடு 60 கூட்டப்பட்டது, பம்பாய்ப் படைகளுக்கு 100. இப்படித்தான் சென்னையின் 3ஆம் படை ‘63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி’ ஆனது. 23ஆம் படை ‘83ஆம் வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி’ ஆனது.

நம் ஊர்ப் பெயர்கள் இப்படிப் பட்டியலில் ஏறின. ஆனால் சென்னைப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர்கள். பாளையம் மாறும்போதெல்லாம் சட்டிபானையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த பெண்களுக்கு 3உம் இல்லை, 63உம் இல்லை. வரிசையில் இடம் இல்லாதவர்களுக்கு எண் எதற்கு?

பெண்களுக்கே எண் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க, நாம் ரஷ்யாவுக்குப் போக வேண்டும்.

1941 அக்டோபரில், ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, பெண்களைக் கொண்டு மூன்று விமானப் படைப்பிரிவுகளை அமைக்க சோவியத் அரசு ஆணையிட்டது. நெடுந்தூர விமானப் பயணத்தில் புகழ்பெற்ற மரினா ரஸ்கோவா அவற்றுக்குப் பொறுப்பேற்றார். வோல்கா நதிக்கரையில் எங்கெல்ஸ் நகரில் பயிற்சி நடந்தது. மூன்று பிரிவுகளுக்கும் அடுத்தடுத்த எண்கள் தரப்பட்டன: போர் விமானங்களுக்கு 586, குண்டுவீச்சுக்கு 587, இரவுக் குண்டுவீச்சுக்கு 588.

இந்த எண்களை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கேட்பேன்: “இதில் பெண் எங்கே இருக்கிறாள்?” எங்கும் இல்லை. 585க்குப் பிறகு 586 வருகிறது, அவ்வளவுதான். ‘மகளிர்’ என்று தனி வரிசையோ தனிக் கணக்கோ கிடையாது. ஆண்களின் படைகள் நின்ற அதே வரிசையில் அவர்களுக்கும் இடம். எண்ணின் மௌனம் சில நேரம் பெண்ணை மறைக்கும். இங்கே அதே மௌனம் அவளைச் சமமாக நிறுத்தியது.

இரண்டாவது பெயர், உழைப்பால் வந்தது. சிறப்பாகப் போரிட்ட பிரிவுகளுக்குச் சோவியத் ராணுவம் ‘கார்ட்ஸ்’ என்ற தகுதியைக் கொடுத்தது. தகுதியோடு பழைய எண் போய், கார்ட்ஸ் வரிசையில் புது எண் வரும். 1943 பிப்ரவரியில் 588 இப்படி 46ஆம் கார்ட்ஸ் பிரிவானது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், கருங்கடலை ஒட்டிய தமான் தீபகற்பத்தை மீட்ட போரில் பங்கெடுத்ததற்காக ‘தமான்’ என்ற ஊர்ப்பெயரும் சேர்ந்தது. ரஸ்கோவா 1943 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். அவர் நேரடியாகத் தலைமையேற்றிருந்த 587, பின்னர் 125ஆம் கார்ட்ஸ் பிரிவாகி அவர் பெயரையே தாங்கியது. 586க்கு மட்டும் கார்ட்ஸ் தகுதி கிடைக்கவில்லை. கடைசிவரை அது வெறும் 586தான்.

மூவரில் இறுதிவரை பெண்கள் மட்டுமே இருந்தது 588 தான். யெவ்தோகியா பெர்ஷான்ஸ்கயா அதன் தளபதி. பயிற்சிக்காகக் கட்டப்பட்ட, மரச்சட்டமும் துணியும் கொண்ட போ-2 விமானங்களில் அவர்கள் பறந்தார்கள். ஒரே இரவில் பல முறை போய்த் திரும்பினார்கள். போர் முடிவதற்குள் 23,000 தடவைக்கு மேல் பறந்திருந்தார்கள்.

மூன்றாவது பெயர், எதிரி வைத்தது. இலக்கை நெருங்கும்போது எஞ்சின் வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் சறுக்கி வருவது அவர்கள் வழக்கம். இருட்டில் காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும் கேட்ட ஜெர்மன் வீரர்கள் அவர்களை ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்றார்கள். இன்று உலகம் அவர்களை அறிவது இந்தப் பெயரால்தான். ‘46ஆம் கார்ட்ஸ் தமான் பிரிவு’ என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. அப்பத்தாவின் சுவரொட்டிக்கு நேர்ந்ததுதான் இவர்களுக்கும் நேர்ந்தது.

அந்தப் பட்டத்தைப் பெருமையாக எடுத்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்ணை அடித்துக் கொல்வது ஜார்கண்டில் இன்னும் நிற்கவில்லை. ஒரு பெண்ணின் திறமை புரியாதபோது அதற்கு மந்திரம் என்று பெயர் வைப்பது பழைய பழக்கம். கணக்குப் போட்டுப் பறந்தவர்கள், வரைபடம் படித்தவர்கள், உறைபனியில் வெறுங்கையால் எஞ்சின் பழுது பார்த்தவர்கள் அவர்கள். அதில் சூனியம் எங்கே இருக்கிறது?

நான்காவது வகைப் பெயர் ஒன்று உண்டு. அது நம் பெண்களுக்கு நெருக்கமானது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கு ஒரு படை அமைத்தார். சென்னையிலிருந்து போய் அங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். சேர்ந்தவர்களில் மலேயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் ஏராளம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஆணைவிடக் குறைந்த கூலிக்குப் பால்மரம் சீவிய பெண்கள் அவர்கள்.

அந்த ராணுவத்தில் ஆண்களின் படைகள் காந்தி, ஆசாத், நேரு, சுபாஷ் என்று பெயர் பெற்றன. நால்வரும் அப்போது உயிரோடு இருந்த தலைவர்கள். பெண்கள் படைக்கு ஜான்சி ராணியின் பெயர். அவர் 1858இலேயே களத்தில் இறந்துவிட்டவர். வீரத்தில் குறைந்த பெயர் இல்லைதான். ஆனால் சரோஜினி நாயுடு அப்போது இருந்தார். உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்டுப் பார்க்கிறேன். இன்னொரு வேறுபாடும் தெரிகிறது. தமான் என்ற பெயர் போருக்குப் பின் வந்தது. ஜான்சி ராணி என்ற பெயர் பயிற்சி தொடங்கும் முன்பே வந்துவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அந்தப் பெயர் சொல்லவில்லை, எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொன்னது. பர்மாவரை போன தோட்டத்துப் பெண்களில் எத்தனை பேரை அவரவர் பெயரால் நமக்குத் தெரியும்?

போன வருடம் ஒரு மாணவி தன் கட்டுரைக்கு ‘இரவுச் சூனியக்காரிகள்’ என்று தலைப்பு வைத்திருந்தாள். நான் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் 588 என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். திருத்திக் கொண்டுவந்தபோது தலைப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, முதல் வரியிலேயே, பெர்ஷான்ஸ்கயாவின் பெயர் இருந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போய், அப்பத்தாவின் ரேஷன் கார்டைத் தேடி எடுத்து, அதிலிருந்த பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன்.