பின்தங்கியவர் எப்போது ஒதுங்குவது? தென்னாற்காட்டுச் சான்றுகளின் வழி உட்கட்சிப் போட்டியின் வரலாறு

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1940களின் தொடக்கத்தில் தமிழ் படித்த இருவர் பின்னாளில் தி.மு.க. என்ற ஒரே கட்சியின் பொதுச்செயலாளர் பதவியில் அடுத்தடுத்து அமர்ந்தார்கள். இரா. நெடுஞ்செழியன் 1977இல் அந்தப் பதவியையும் கட்சியையும் விட்டு வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்த க. அன்பழகன் 2020 மார்ச்சில் இறக்கும்வரை, ஏறக்குறைய 43 ஆண்டுகள், அங்கேயே இருந்தார். ஒருவர் தலைமைப் போட்டியில் பின்தங்கியவர். மற்றவர் அந்தப் போட்டிக்குள்ளேயே இறங்காதவர். இந்த வேறுபாட்டை இருவரின் குணத்தில் தேடுவதே வழக்கம். நெடுஞ்செழியனுக்கு மனத்தாங்கல் தீரவில்லை, அன்பழகனுக்குப் பொறுமை இருந்தது என்று மேடைகளில் சொல்வார்கள். இக்கட்டுரை வேறொன்றை முன்வைக்கிறது. உட்கட்சிப் போட்டியில் தோற்றவர் எப்போது ஒதுங்குகிறார் என்பதை அவருடைய மனப்பக்குவத்தைவிட, அங்கே வாக்கு எண்ணப்பட்டதா என்பதே பெரிதும் தீர்மானித்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குக் கணக்கு உண்டு. 2008இல் பராக் ஒபாமா ஜூன் 3 அன்று தேவையான பிரதிநிதிகளின் எண்ணிக்கையைத் தொட்டார்; நான்கு நாள் கழித்து ஹிலாரி கிளிண்டன் விலகி அவரை ஆதரித்தார். ஆனால் 1980இல் எட்வர்ட் கென்னடி, பின்தங்கியிருப்பது தெரிந்தும், மாநாடு வரை விடாமல் சென்றார். எப்போது விலகுவது என்பதில் அங்கும் சச்சரவு உண்டு. எத்தனை பேர் யார் பக்கம் என்பதில் சச்சரவு இல்லை. நம் ஊரில் வேட்பாளரைக் கட்சிக்காரர்கள் வாக்களித்துத் தேர்வதில்லை. விருப்ப மனு, நேர்காணல், தலைமை வெளியிடும் பட்டியல் என்பதே முறை. 2014 மக்களவைத் தேர்தலின்போது காங்கிரஸ் பதினைந்து தொகுதிகள் அளவில் உறுப்பினர் வாக்கெடுப்பைச் சோதித்துப் பார்த்தது. அது வேர் பிடிக்கவில்லை. ஆகவே நமக்குச் சான்று தருவன தலைமைப் போட்டிகளே.

எண்ணிப் பார்த்த காலம்

1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தலில் சத்தியமூர்த்தி அணியின் காமராஜர் 103 வாக்குகளும் ராஜாஜி அணியின் சி.பி. சுப்பையா 100 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் மூன்றே. இன்றைக்கு இப்படி நடந்தால் மறுநாளே இரண்டு பொதுக்குழுக்கள் கூடியிருக்கும். அன்று கட்சி உடையவில்லை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் காமராஜர் அந்தத் தலைவர் பதவியிலிருந்துதான் மாகாண அரசியலை நடத்தினார்.

1954இல் குலக்கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பால் முதல்வர் ராஜாஜி பதவி விலகினார். சட்டமன்றக் கட்சித் தலைவர் போட்டியில் ராஜாஜியின் ஆதரவு பெற்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகள், காமராஜருக்கு 93. ஏப்ரல் 13 அன்று காமராஜர் பதவியேற்றபோது தோற்ற சுப்பிரமணியமும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலமும் எட்டுப் பேர் கொண்ட அமைச்சரவையில் இருந்தார்கள். இதைக் காமராஜரின் பெருந்தன்மைக்குச் சான்றாகப் பள்ளி மேடைகளில் சொல்கிறார்கள். பெருந்தன்மை இருந்திருக்கலாம். ஆனால் 41 என்பது ஒதுக்கித் தள்ளக்கூடிய எண் அல்ல. தோற்றவர் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தோல்வியை ஏற்றதற்கு விலை கேட்க அந்த எண்ணே அவருக்கு உரிமை தந்தது.

அதே அமைச்சரவையில் கடலூர்க்காரர் ஒருவரும் இருந்தார். எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 1952 தேர்தலில் 19 சட்டமன்ற இடங்களை வென்றிருந்தது. அறுதிப் பெரும்பான்மை இல்லாமல் தத்தளித்த காங்கிரசுக்கு அந்தப் பத்தொன்பது பேர் தேவைப்பட்டார்கள். படையாட்சியார் அமைச்சரானார், கட்சி காங்கிரசில் கரைந்தது. உட்கட்சியில் தோற்றவர்களையும் வெளிக்கட்சியில் வென்றவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது எண்ணிக்கைதான்.

இதற்கு முன்பே தென்னாற்காடு வேறொரு விதமான விலகலைப் பார்த்திருந்தது. திண்டிவனம் அருகே ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் பிரகாசத்துக்குப் பின் சென்னை மாகாணப் பிரதமரானார். இரண்டே ஆண்டில் கட்சிக்குள் தமக்கு எதிராக ஆள் திரள்வதைக் கண்டு பதவியை விட்டார். 1949 ஏப்ரலில் குமாரசாமி ராஜா வந்தார். ஓமந்தூரார் தனி அணி கட்டவில்லை. கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும் இடையிலுள்ள வடலூரில் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, பள்ளிக்கூடம், ஆதரவற்றோர் இல்லம் என்று 1970இல் மறையும்வரை வாழ்ந்தார். வள்ளலார் மண்ணில் இது பொருத்தமான துறவு என்று தோன்றும். ஆய்வாளருக்கு இது சிக்கலான சான்று. போக வேறு இடம் உள்ளவர் மட்டுமே இப்படிப் போக முடியும். பதவிதான் வாழ்க்கை என்றிருப்பவரிடம் வடலூரைக் காட்டிப் பயனில்லை.

எண்ணினால் மட்டும் போதுமா என்று ஒருவர் கேட்டால் 1939ஐ மறைக்க முடியாது. காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகளும் பட்டாபி சீதாராமையா 1,377 வாக்குகளும் பெற்றார்கள். சில மாதங்களில் பதவி விலகியவர் வென்ற போஸ்! வாக்குப் பெட்டிக்கு வெளியே காந்தியின் செல்வாக்கு நின்றது. அப்படியொரு செல்வாக்கு உயிரோடு இருக்கும்போது எண்ணிக்கை தோற்கும். அது இல்லாமல் போகும் நாளில்தான் எண்ணிக்கைக்கு வேலை வருகிறது. 1966இல் இந்திரா காந்தி 355, மொரார்ஜி தேசாய் 169 என்று எண்ணப்பட்டது. மறு ஆண்டு மொரார்ஜி போட்டியிடாமலே துணைப் பிரதமர் பதவியை ஏற்றார். அந்த 169 அவர் கையில் இருந்த ரொக்கம்.

1969: எண்ணாமல் விட்டது

1969 பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார். அமைச்சரவையில் அடுத்த இடத்திலிருந்த நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வரானார். வரிசையில் தாமே அடுத்தவர் என்று அவர் நினைக்கக் காரணம் இருந்தது. 1956இல் திருச்சி மாநாட்டில் அண்ணா தாமே ஒதுங்கி, பொதுச்செயலாளர் பொறுப்பை ஆயிரக்கணக்கானோர் முன் இவரிடம் ஒப்படைத்திருந்தார். திராவிட இயக்கத்தில் தலைமை கைமாறிய முதல் பெரிய காட்சி அது. அதில் வாக்கெடுப்பு இல்லை. மூத்தவர் அழைக்க இளையவர் வந்தார். அந்த அழகான முன்னுதாரணமே பின்னால் சங்கடமானது. அழைக்க அண்ணா இல்லாத நாளில் யார் யாரை அழைப்பது என்பதற்கு விதி எதுவும் இல்லை.

ஒரு வாரம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் தனித்தனியே கருத்துக் கேட்கப்பட்டது. கருணாநிதி பக்கம் மதியழகன் நின்றார், எம்.ஜி.ஆரும் நின்றார். சட்டமன்றக் கட்சிக் கூட்டத்தில் நெடுஞ்செழியன் பெயரும் முன்மொழியப்பட்டது. அவர் போட்டியிட மறுத்தார். வாக்கெடுப்பே நடக்கவில்லை. பிப்ரவரி 10 அன்று கருணாநிதி முதல்வரானார். நெடுஞ்செழியன் அமைச்சரவையில் சேர மறுத்துவிட்டு, பிறகு மனம் மாறிக் கல்வி அமைச்சராக உள்ளே வந்தார். ஜூலையில் கட்சி விதி திருத்தப்பட்டது. அதுவரை பெரியாருக்கென்று காலியாக வைத்திருந்த தலைவர் நாற்காலியில் கருணாநிதி அமர்ந்தார். பொதுச்செயலாளர் பதவி நெடுஞ்செழியனுக்கு, பொருளாளர் பதவி எம்.ஜி.ஆருக்கு.

வாக்கெடுப்புக்கு முன்பே விலகியதால் கட்சி பிளவிலிருந்து தப்பியது என்பது பரவலான கருத்து. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. சுப்பிரமணியத்துக்கு 41 என்றொரு எண் இருந்தது. நெடுஞ்செழியனுக்கு ஒரு எண்ணும் இல்லை. தோற்றவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. தோற்கவில்லை என்று அவராலும் நிறுவ முடியாது. தம் பின்னால் எத்தனை பேர் என்று தெரியாத தலைவர், அதைத் தெரிந்துகொள்ள என்றாவது ஒருநாள் வெளியே வந்தே பார்ப்பார். 1977 தேர்தல் தோல்விக்குப் பின் அவர் வெளியே வந்து மக்கள் தி.மு.க. கண்டார். அது அதே ஆண்டில் அ.தி.மு.க.வில் கலந்தது. எட்டு ஆண்டு தாமதமாக வந்த விடை, அதுவும் சாதகமாக இல்லை. அன்பழகனும் கருணாநிதியைத் தலைவராக ஏற்கத் தொடக்கத்தில் தயங்கியவர்தான். ஆனால் தம்மை வேட்பாளராக ஒருபோதும் நிறுத்திக்கொள்ளாததால் அவருக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு இருக்கவில்லை.

சின்னம் நுழைந்தபின்

1969 தலைமைப் போட்டிக்கு முந்தைய ஆண்டில் தேர்தல் ஆணையம் 1968 சின்னங்கள் ஆணையைப் பிறப்பித்திருந்தது. கட்சிக்குள் இரு தரப்பும் உரிமை கோரினால் யார் உண்மையான கட்சி என்று ஆணையம் தீர்மானிக்கும் என்றது அதன் 15ஆம் பத்தி. 1969இல் காங்கிரஸ் உடைந்து, இரட்டைக்காளைச் சின்னத்துக்கு வழக்கு வந்தபோது, பெரும்பான்மை யார் பக்கம் என்று எண்ணுவதே சரியான சோதனை என 1971இல் சாதிக் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. இதன் விளைவைக் கவனித்தவர்கள் குறைவு. அதற்கு முன் பின்தங்கியவருக்கு இரண்டு வழிகள்: ஏற்பது, அல்லது வெளியேறுவது. இப்போது மூன்றாவது வழி திறந்தது. வெளியேறாமல், ஏற்காமல், ‘நானே கட்சி’ என்று மனுப் போடலாம்.

தமிழகத்தில் அந்த வழியில் போனது அ.தி.மு.க. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்ததும் மீண்டும் நெடுஞ்செழியனே தற்காலிக முதல்வர். இம்முறை இரண்டே வாரம். ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று கட்சி பிரிய, இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஒருவர் இரட்டைப் புறாவிலும் மற்றவர் சேவலிலும் நின்றார்கள். ஜெயலலிதா அணிக்கு 27 இடங்கள். ஜானகி ஆண்டிபட்டியில் தாமே தோற்றார். அடுத்து நடந்ததுதான் தமிழக உட்கட்சி வரலாற்றிலேயே தெளிவான தோல்வி ஏற்பு என்பேன். சில வாரங்களில் ஜானகி அரசியலிலிருந்து விலகினார், அணிகள் இணைந்தன, மார்ச்சில் மதுரை கிழக்கு, மருங்காபுரி இடைத்தேர்தல்களில் இரட்டை இலை மீண்டும் நின்று வென்றது. கட்சிக்குள் எண்ணாததை ஊரே எண்ணிக் கொடுத்தது. அந்த எண்ணிக்கைக்கு மேல் வாதாட ஒன்றுமில்லை.

இரண்டு அணிகளுக்கும் நடுவே நின்ற நெடுஞ்செழியன், பண்ருட்டி ச. ராமச்சந்திரன், அரங்கநாயகம், திருநாவுக்கரசு ஆகியோரின் நால்வர் அணி சிறிது காலம் தனித்து ஓடியது. இதில் பண்ருட்டியார் கடலூர் மாவட்டத்தின் நெடுநாள் சாட்சி. 1991இல் பா.ம.க.வின் ஒரே சட்டமன்ற உறுப்பினராக வென்று யானை மேல் கோட்டைக்குப் போனவர், 2022இல் ஓ. பன்னீர்செல்வத்தின் அரசியல் ஆலோசகராக மறுபடி அ.தி.மு.க. தலைமைப் போட்டிக்குள் வந்தார். இம்முறையும் எண்ணிக்கையில் குறைந்த பக்கம்.

அந்த 2022 போட்டி 1969இன் தவறையும் 1988இன் ‘நானே கட்சி’ வழக்கையும் ஒருசேரக் கொண்டது. ஜூலை 11 அன்று வானகரம் பொதுக்குழு எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆக்கிப் பன்னீர்செல்வத்தை நீக்கியது. பொதுக்குழுவில் பெருவாரியானோர் எடப்பாடி பக்கம் என்பதை யாரும் மறுக்கவில்லை. பன்னீர்செல்வத்தின் வாதமே வேறு: பொதுச்செயலாளரைத் தேர்வது அடிப்படை உறுப்பினர்கள், பொதுக்குழு அல்ல. அவர்களை எண்ணினால் என்ன வந்திருக்கும் என்பது எண்ணப்படாததால் அந்த வாதம் உயிரோடு இருந்தது. 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் பொதுக்குழுவைச் செல்லும் என்றது. மார்ச்சில் பொதுச்செயலாளர் தேர்தல் அறிவிக்கப்பட்டது; போட்டியிடப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்ற நிபந்தனையால் எதிரணி மனுப் போடவே வழியில்லை. எடப்பாடி போட்டியின்றித் தேர்வானார்.

பின் பன்னீர்செல்வமும் வெளியே எண்ணிப் பார்த்தார். 2024இல் ராமநாதபுரத்தில் சுயேச்சையாக நின்று இரண்டாமிடம்; அ.தி.மு.க. வேட்பாளர் மூன்றாமிடம். அவருக்குக் கிடைத்த சின்னம் பலாப்பழம். பலாவுக்குப் பேர்போன பண்ருட்டிக்காரரை ஆலோசகராக வைத்திருந்தவருக்கு அது தற்செயலாக வாய்த்ததுதான். கடலூர்ப் பக்கம் அதை வைத்துச் சிரிக்காதவர் குறைவாகவே இருந்திருப்பார்கள். ஆனால் அந்த முடிவு 1989போல வாயடைக்கும் முடிவல்ல. தோற்றவரும் கட்சி வேட்பாளரை முந்தியிருந்தார். எனவே யாரும் ஒதுங்கவில்லை.

கடலூர் மாமன்றம்

மறைமுகத் தேர்தல் என்பதால் பலர் ஆய்வில் சேர்க்காத ஒரு களம் உண்டு. கடலூர் 2021இல் மாநகராட்சியானது. 2022 மார்ச் 4 அன்று மாமன்ற உறுப்பினர்கள் முதல் மேயரைத் தேர்ந்தபோது, தி.மு.க. தலைமை அறிவித்தவர் சுந்தரி. அதே கட்சியின் கீதா எதிர்த்து நின்றார். 45 வார்டுகள் கொண்ட மன்றத்தில் ரகசிய வாக்கெடுப்பு: சுந்தரிக்கு 19, கீதாவுக்கு 12. போட்டி வேட்பாளருக்குத் துணைநின்றதாகக் கடலூர் சட்டமன்ற உறுப்பினர் ஐயப்பனைக் கட்சி தற்காலிகமாக நீக்கியது. அன்றே நெல்லிக்குப்பம் நகராட்சியில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியைத் தி.மு.க.வின் போட்டி வேட்பாளர் கைப்பற்றினார். கூட்டணிக்கு எதிராக வென்றவர்கள் பதவி விலகிவிட்டுத் தம்மை வந்து பார்க்க வேண்டும் என்று ஸ்டாலின் அறிக்கை விட்டார்.

கட்சித் தாவல் தடைச் சட்டமான பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்குமே உரியது. வார்டு உறுப்பினரைத் தொடாது. தலைமையை மீறியவர் கட்சி அட்டையை இழக்கலாம், இருக்கையை இழப்பதில்லை. போட்டிக்கு முன்பே ஒதுங்கவைக்கும் அச்சம் அங்கே குறைவு, அதனால்தான் எண்ணிக்கை வெளியே வந்தது. பட்டியலுக்கு எதிராகக் கடலூரில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள் என்பது இப்போது பதிவான செய்தி. விருப்ப மனு கொடுத்துவிட்டு நேர்காணலோடு திருப்பி அனுப்பப்பட்ட எந்தச் சட்டமன்ற வேட்பாளருக்கும் அப்படியொரு பதிவு கிடையாது.

1989இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 29ஏ பிரிவு கட்சிகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்போம் என்று உறுதி கேட்கிறது. உட்கட்சித் தேர்தலை ரகசிய வாக்கெடுப்பில் நடத்த வேண்டும் என்று அது சொல்லவில்லை. தேர்தல் ஆணையமும் நிர்வாகிகள் பட்டியல் உரிய காலத்தில் வந்ததா என்பதோடு நிற்கிறது. கடலூரில் மேயரைத் தேர்ந்த உறுப்பினர்களுக்குச் சட்டம் கொடுத்த மறைப்பும் வாக்குச்சீட்டும், வானகரத்தில் கூடிய இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பொதுக்குழு உறுப்பினர்களுக்கு இல்லை.