ஈரத்தாளின் வலிமை: கரும்புச் சக்கைக் கூழை முன்வைத்து

காகிதத்தின் வலிமை என்றதும் உலர்ந்த தாளை இழுத்தும் கிழித்தும் வெடிக்கவைத்தும் பெறும் எண்களே நினைவுக்கு வருகின்றன. வாங்குபவர் கேட்பதும் அவற்றைத்தான். ஆனால் எந்திரத்தில் தாள் அறுவது பெரும்பாலும் அது ஈரமாக இருக்கும் சில நொடிகளில். சல்லடையில் கொட்டும் கூழில் நார் நூற்றுக்கு ஒரு பங்குகூட இருப்பதில்லை. சல்லடையை விட்டு நீங்கும்போது ஏறக்குறைய 20 விழுக்காடு, அழுத்து உருளைகளைக் கடந்தபின் 40 முதல் 50 விழுக்காடு திண்மம் இருக்கும். எஞ்சிய நீரை நீராவி உருளைகள் போக்குகின்றன. இந்த ஈர வலிமையும் உலர் வலிமையும் ஒரே பண்பின் இரு அளவுகள் அல்ல என்பதும், ஒன்றை வைத்து மற்றதைக் கணிப்பது தவறு என்பதும் என் வாதம்.

உலர்ந்த தாளைப் பிடித்து வைத்திருப்பவை நாருக்கும் நாருக்கும் இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் புகுந்தால் அவை கலைகின்றன. சாதாரணத் தாளை நனைத்தால் பழைய வலிமையில் பத்தில் ஒரு பங்கு தங்குவதே அரிது. அப்படியானால் இன்னும் உலராத தாளை எது பிடித்து வைக்கிறது? நீரேதான். நார்களுக்கு இடையே வளைந்து நிற்கும் நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை அவற்றை நெருக்குகிறது என்று கேம்பெல் 1930களில் விளக்கினார். இடைவெளி ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால், அந்த நெருக்கம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு ஆகிறது. 1954இல் லைனும் கேலேயும் கண்ணாடி இழைகளால் தாள் செய்து பார்த்தார்கள். கண்ணாடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு கிடையாது. எனினும் ஈரத்தில் அந்தத் தாள் வலிமை பெற்றது, நீர் மேலும் வற்றியதும் அதை இழந்தது. செல்லுலோஸ் தாளின் வலிமையோ நீர் வற்ற வற்ற ஏறிக்கொண்டே போயிற்று. கண்ணாடியைவிட நாருக்குக் கூடுதலாக வாய்த்த பங்கு பிணைப்புகளுடையது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

ஆனால் நெருக்கம் மட்டும் போதாது. இழுக்கும்போது நார்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கக் கூடாது. அதைத் தடுப்பது உராய்வும் பின்னலும். ஈர வலிமையை டெரெக் பேஜ் 1993இல் இந்த வழியில்தான் கணக்கிட்டார். எனவே ஈரத்தாளில் நாரின் நீளம் முதன்மை பெறுகிறது. உலர்ந்த தாளில் பிணைப்பு நன்றாக இருந்தால் குட்டை நாரும் பெருமளவு ஈடுகொடுத்துவிடும்.

கரும்புச் சக்கை இங்கேதான் சிக்கலாகிறது. அதை முதன்மை மூலப்பொருளாக நம்பி, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டது. சக்கை நாரின் சராசரி நீளம் 1 முதல் 1.5 மில்லிமீட்டர், பைன் மர நார் 3 மில்லிமீட்டரை ஒட்டி வரும். சக்கையில் ஹெமிசெல்லுலோஸ் மிகுதி என்பதால் பிணைப்பு எளிது. உலர்ந்தபின் இழுவலிமை மதிக்கத்தக்கதாகவே இருக்கும். ஆனால் குட்டை நார் ஈரத்தில் சீக்கிரம் வழுக்கும். தண்டின் சோற்றுப் பகுதியை முன்பே பிரித்தெடுத்தாலும் அதன் எச்சமும் நுண்துகள்களும் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். தாள் கூடுதல் ஈரத்தோடு சல்லடையை விட்டு வரும். இழப்பு இரட்டிப்பாகிறது. இதைச் சரிக்கட்டக் கூழை மேலும் அரைத்தால் உலர் வலிமை ஏறும், நீர் வடிவது இன்னும் மந்தமாகும். ஆய்வுக்கூட அறிக்கை அழகாகும், எந்திரத்தின் வேகம் குறையும்.

நீண்ட நார்க்கூழைக் கலப்பது இதனால்தான். அது கிழிவலிமைக்காகவே சேர்க்கப்படுகிறது என்று மறுப்போர் உண்டு. கிழிவலிமை கூடுவது உண்மையே. ஆனால் எழுதுதாளுக்கும் அச்சுத்தாளுக்கும் பெரிய கிழிவலிமை எதற்கு? அந்தக் கூழுக்குக் கொடுக்கும் விலையில் கணிசமான பங்கு, படிப்பவர் ஒருநாளும் காணாத ஈர நொடிகளுக்கான விலை என்றே நினைக்கிறேன். ஈரத்தாளை உருளைக்கு உருளை வெறும் காற்றில் இழுக்காமல் உறிஞ்சு உருளையும் கம்பளிப் பட்டையும் தாங்கிச் செல்லும் எந்திரங்களில் இந்தச் செலவு குறைகிறது. வேகம் கூடும்போது தாளில் ஏறும் இழுவிசை வேகத்தின் இருமடியோடு வளர்வதால், அத்தகைய ஏற்பாடு விரைவு எந்திரங்களுக்குத் தவிர்க்க முடியாததும் ஆகிறது.

ஈரத்தில் கிழியாத தாளுக்கென்று விற்கப்படும் பாலிஅமைடு-எபிகுளோரோஹைட்ரின் பிசினை ஊற்றினால் போதாதா? போதாது. அது தாள் காய்ந்து சூடேறியபின் இறுகுகிறது. தேநீர்ப் பைக்கு உதவும், அழுத்து உருளைக்கு முன்னால் அதனால் பயன் அற்பமே. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறும் கைட்டோசான் உலராத நிலையிலேயே நார்களைப் பற்றுவதால் அதன் கதை வேறு. அதன் விலைதான் இடைஞ்சல்.

சக்கைக் கூழை மதிப்பிடும் ஆய்வுகளில் உலர் இழுவலிமையோடு, குறிப்பிட்ட திண்ம விழுக்காட்டில், 20இலும் 40இலுமாவது, ஈரத்தாளின் இழுவலிமையும் அறுமுன் அது நீளும் அளவும் தரப்பட வேண்டும். இழுப்பு ஒரே சீராக இல்லாத எந்திரத்தில், அறுமா அறாதா என்பதை நீட்சியே பெரிதும் தீர்மானிக்கிறது.