பம்பாயில் பிறந்த கோச்சும் கரோலினாவின் பெண்களும்

அமெரிக்காவில் பெண்கள் கால்பந்து என்று பேச்சு எடுத்தால் முதல் வரிசையில் வரும் பெயர் ஆன்சன் டொரன்ஸ். அவர் பிறந்த ஊர் நம் பம்பாய். 1951 ஏப்ரலில் பிறந்தார். அப்பா எண்ணெய்க் கம்பெனி உத்தியோகஸ்தர். மாற்றல் வரும் வேலை. பையன் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று ஊர் ஊராக வளர்ந்து, கடைசியில் வட கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்ற ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தான். அந்த ஒரே பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணிக்கு 1979 முதல் 2024 வரை அவர்தான் கோச். 45 சீசன், 22 தேசியப் பட்டம், 900க்கும் மேற்பட்ட வெற்றிகள்.

பூண்டியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கோச்சைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பெண்பிள்ளைகளை வைத்து வேலை நடக்கும் ஊர் நம்முடையது. லைனில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களிடமிருந்து நல்ல வேலை வாங்குவது எப்படி, அதே நேரத்தில் அவர்களுடைய மரியாதையைக் காப்பது எப்படி என்ற கேள்வி நமக்கும் உண்டு. டொரன்ஸின் கதையில் அந்த இரண்டு பக்கமும் இருக்கிறது.

முதலில் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். 1972 ஜூனில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத் திருத்தத்தில் ஒன்பதாவது பிரிவு என்று ஒன்று. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று வேற்றுமை காட்டக் கூடாது என்பதே அதன் சாரம். அந்தப் பிரிவில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் பையன்களுக்கு மைதானமும் கோச்சும் உதவித்தொகையும் உண்டென்றால் பெண்களுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள் வந்தது. கல்லூரிகள் முனகிக்கொண்டேதான் செய்தன. என்றாலும் செய்தன.

டொரன்ஸ் அப்போது சட்டம் படித்துக்கொண்டே, தான் ஆடிய பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்குக் கோச்சாக வந்திருந்தார். 1979ல் மாணவிகளின் அணிக்குப் பல்கலைக்கழக அணி என்ற தகுதி கிடைத்தது. அதையும் நீயே பார்த்துக்கொள் என்று விட்டார்கள். சட்டப் படிப்பு பாதியில் நின்றது. சுமார் பத்து வருஷம் ஆண், பெண் இரு அணிகளையும் சேர்த்தே பார்த்தார். 1988க்குப் பிறகு பெண்கள் அணி மட்டும்.

அந்த நாளில் பெண்கள் அணி வைத்திருந்த கல்லூரிகளே கொஞ்சம். தேசியப் போட்டி என்று ஒன்றும் இல்லை. மகளிர் கல்லூரி விளையாட்டுகளை நடத்திவந்த தனிச் சங்கம் 1981ல் முதல் போட்டியை நடத்தியது. இறுதி ஆட்டத்தில் மத்திய புளோரிடாவை 1-0 என்று வென்று கரோலினா கோப்பையை எடுத்தது. மறு வருஷமே என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய அமைப்பு போட்டியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. கலந்துகொண்டவை 12 அணிகள். அதிலும் கரோலினாவே வென்றது. 1983, 1984லும் அதுவே.

1985 இறுதி ஆட்டத்தில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் தன் சொந்த மைதானத்தில் 2-0 என்று கரோலினாவைத் தோற்கடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் நம்பச் சிரமமாக இருக்கிறது. 1986லிருந்து 1994 வரை ஒன்பது வருஷமும் கோப்பை சாப்பல் ஹில்லுக்கே போனது. இடையில் 103 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியே இல்லை. 1990ல் கனெக்டிகட் பல்கலைக்கழகம்தான் அதை முறித்தது. அதன் பிறகு 92 ஆட்டங்கள் வரிசையாக வெற்றி. மியா ஹாம் என்ற பெண் அங்கே படித்த காலத்தில் ஆடிய 95 ஆட்டங்களில் தோற்றது ஒரே ஒன்று.

எப்படி முடிந்தது? அங்கேயே கூடைப்பந்துக் கோச்சாக இருந்த டீன் ஸ்மித், பயிற்சியில் ஒவ்வொரு எறிதலையும் கணக்கில் எழுதவைப்பார். டொரன்ஸ் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். யார் எவ்வளவு வேகமாக ஓடினாள், ஒற்றைக்கு ஒற்றை மோதலில் யார் யாரை வென்றாள், எத்தனை பந்து கோலுக்குள் போனது, எல்லாம் ஏட்டில் ஏறும். பிறகு முதல் இடம் முதல் கடைசி இடம் வரை எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுவார்கள். போட்டிக் கொப்பரை என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருந்தார்.

பனியன் கம்பெனியில் இருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒவ்வொரு லைன் முகப்பிலும் ஒரு போர்டு. மணிக்கு எத்தனை பீஸ், டார்கெட் எவ்வளவு, வந்தது எவ்வளவு. முப்பது வருஷம் அந்தப் போர்டைப் பார்த்துத்தான் நான் காலம் தள்ளினேன். எண் சரியாக இருந்தால் யாரும் யாரையும் கத்த வேண்டியதில்லை, அவரவருக்கே தெரியும்.

ஆனால் டொரன்ஸ் அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும். தோழியை முந்தாதே, அடக்கமாக இரு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் அவர்கள். மைதானத்துக்குள் முந்தலாம், முட்டி மோதலாம், வெளியே வந்ததும் பழையபடி தோழிகளாக இருக்கலாம் என்று அந்த ஏடு அவர்களுக்கு அனுமதி கொடுத்தது. அதோடு, படிப்பு முடித்துப் போகும் மாணவிகளுக்கு, கடைசி ஆட்டத்துக்கு முன்னால், ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுவார். அவர்கள் எவ்வளவு ஆடினார்கள் என்பதைவிட எப்படிப்பட்ட மனுஷி என்பதே அதில் இருக்கும்.

1986ல் அமெரிக்க தேசியப் பெண்கள் அணியும் அவர் பொறுப்பில் வந்தது. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991 நவம்பரில் சீனாவில் நடந்தது. 12 நாடுகள் ஆடின. பெண்களால் 90 நிமிஷம் தாங்க முடியாதோ என்ற சந்தேகத்தில் ஆட்டத்தை 80 நிமிஷமாக வைத்திருந்தார்கள்! குவாங்சோ நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் நார்வேயை 2-1 என்று அமெரிக்கா வென்றது. இரண்டு கோலும் மிஷெல் ஏக்கர்ஸ் போட்டவை. கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், கிறிஸ்டின் லில்லி, 19 வயது மியா ஹாம் எல்லோரும் சாப்பல் ஹில் பிள்ளைகள். 1999ல் கலிபோர்னியாவில் 90,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்த உலகக் கோப்பை இறுதிக்கு விதை போட்டது 1991தான்.

இனி மறுபக்கம். 1998ல் அவருடைய முன்னாள் வீராங்கனைகள் இரண்டு பேர் அவர்மேலும் பல்கலைக்கழகத்தின்மேலும் வழக்குப் போட்டார்கள். பயிற்சி நேரத்தில் மாணவிகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றி, ஆண்களோடு அவர்களுக்கு உள்ள பழக்கத்தைப் பற்றி, கோச் தகாத பேச்சுப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. துன்புறுத்தல் என்பதை அவர் மறுத்தார். ஆனால் அப்படிப்பட்ட பேச்சுகளில் கலந்துகொண்டதை ஒப்புக்கொண்டார். 2004ல் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்தபோது எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். இன்னொன்று கீழ்க் கோர்ட்டில் தள்ளுபடியாகி, மேல் கோர்ட்டில் உயிர் பெற்று, 2008ல் 3,85,000 டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆக மொத்தம் பத்து வருஷம்.

இதைச் சொல்லாமல் கோப்பைகளை மட்டும் எண்ணிக் காட்டினால் அது வரலாறாகாது. அணியில் இடம், உதவித்தொகை, தேசிய அணிக்குள் நுழையும் வழி, மூன்றும் ஒரே ஆள் கையில். அவர் தமாஷ் என்று நினைத்துச் சொல்வதை எதிரே நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண் எப்படி மறுத்துப் பேசுவாள்? மற்றவர்கள் சிரித்தார்கள் என்பது சமாதானம் ஆகாது. நம் பக்கத்தில் சூப்பர்வைசர் ஒருவர் விளையாட்டாகப் பேசினார் என்று சொல்லி முடித்துவைத்த பஞ்சாயத்துகளை நாம் பார்க்காததா? 2013ல் வந்த சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமெல்லாம் புகார் குழு வைக்க வேண்டும். சுவரில் ஒட்டிய நோட்டீசோடு அது நின்றுவிடக் கூடாது.

டொரன்ஸின் கடைசிப் பன்னிரண்டு வருஷத்தில் கோப்பைகள் வற்றிப்போயின. 2012க்குப் பிறகு பட்டம் இல்லை. 2018ல் புளோரிடா ஸ்டேட்டிடம் 1-0, 2019ல் ஸ்டான்ஃபோர்டிடம் பெனால்டியில் தோல்வி. 2022 இறுதியில் 2-0 என்று முன்னால் இருந்தும், ஆட்டம் முடிய 16 விநாடி இருக்கும்போது யு.சி.எல்.ஏ. சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-2 என்று எடுத்துக்கொண்டது. மனுஷனுக்கு வயசாகிவிட்டது என்றார்கள் சிலர். எனக்கு வேறு மாதிரி படுகிறது. 12 அணிகளோடு தொடங்கிய போட்டியில் இப்போது 64 அணிகள். அவரிடம் ஆடிய பெண்களே கோச்சாகிப் போய் எதிரணிகளைத் தயார் செய்தார்கள். இங்கிலாந்து அணியின் லூசி பிரான்ஸ், அலெசியா ருஸ்ஸோ போன்றவர்கள்கூட அங்கே வந்து ஆடிவிட்டுப் போனவர்கள். நம்மூர்ச் சிற்பக்கூடத்தில் தொழில் கற்றவர் எதிர்ச்சாரியில் சொந்தப் பட்டறை போடுவதில்லையா? குருவுக்கு ஆர்டர் குறையும்; ஆனால் தொழில் பெருகும்.

2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது ஓய்வை அறிவித்தார். உதவிக் கோச்சாக இருந்த டேமன் நஹாஸ் பொறுப்பேற்றார். அந்த டிசம்பரிலேயே வேக் ஃபாரஸ்டை 1-0 என்று வென்று கரோலினா மறுபடி கோப்பை எடுத்தது.

இங்கே நம் கதை என்ன? நாம் ஒன்றும் பிந்தித் தொடங்கியவர்கள் இல்லை. இந்தியப் பெண்கள் கால்பந்துக்கு 1975லேயே சம்மேளனம் அமைந்துவிட்டது. 1980 தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம். 1983ல் பாங்காக்கிலும் அப்படியே. அதற்குப் பிறகு நீண்ட தூக்கம். அமெரிக்காவில் சட்டமும் கல்லூரியும் சேர்ந்து ஏணி போட்டதுபோல் இங்கே யாரும் போடவில்லை.

இருந்தும் தனி ஆட்கள் போட்டார்கள். கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஏழைப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து மைதானத்தில் இறக்கினார். அங்கிருந்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் இந்திய அணிவரை போனார்கள். இந்துமதி காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில், அசைக்க முடியாத மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றது. 2019ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023ல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று தமிழ்நாட்டுக்கு மறுபடி பட்டம். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று இந்தியா ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

நம் திருப்பூர் உலகத்துக்கே விளையாட்டு பனியன் தைத்து அனுப்புகிறது. எங்கள் லைனில் ஓவர்லாக் ஓட்டிய ஒரு பெண், பள்ளியில் மாவட்ட அளவில் ஆடியவள். பத்தாவதோடு மெஷினுக்கு வந்துவிட்டாள். போர்டில் எப்போதும் அவள் எண்தான் மேலே இருக்கும். பந்தைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு என்று ஒருநாள் கேட்டேன். "ஷூவைத் தங்கச்சிக்குக் கொடுத்துட்டனுங்க சார்" என்றாள்.

அந்தத் தங்கச்சி காலேஜ் போனாளா என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. சாப்பல் ஹில்லில் 1979ல் நடந்தது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. ஒரு மைதானம், ஒரு கோச், பெண்பிள்ளைகளுக்கும் இது உண்டு என்ற ஓர் உத்தரவு, அவ்வளவுதான். அவர்கள் அதை நாற்பத்தைந்து வருஷம் கலைக்காமல் வைத்திருந்தார்கள்.